கூச்சப்படாம கேளுங்க: கெட்டமைன் எடுத்தா ஆசை திரும்பி வருமா?

போன இதழ்ல ஒரு வாசகி ரெண்டே வரில கேட்டிருந்தாங்க, "அமெரிக்கால கெட்டமைன் கொடுத்து செக்ஸ் தெரபி பண்றாங்களாமே, நிஜமா?"ன்னு. நானும் ரெண்டே வரில "பண்றாங்க, விவரமா அப்புறம் எழுதறேன்"னு சொல்லி தப்பிச்சிட்டேன். தப்பிக்க விட்டாத்தானே. இன்பாக்ஸ திறந்தா நியூஜெர்சி எடிசன்லேர்ந்து மதுரை வரைக்கும் எல்லாரும் அதையே கேக்கறீங்க, அதனால இந்த மாசம் முழுக்க அதுதான்.

புதுசா படிக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. நான் திருச்சிக்காரி, கலிஃபோர்னியால இருபது வருஷத்துக்கு மேல செக்ஸ் தெரபிஸ்ட். மருந்து எழுதற டாக்டர் இல்ல, உக்காந்து பேசறவ. என்கிட்ட வர்றவங்க கதைய இங்க சொல்றப்ப ஊர், வயசு, வேலை எல்லாத்தையும் மாத்திடுவேன், அதனால "இது எங்க ஒண்ணுவிட்ட அக்கா கதை மாதிரியே இருக்கே"ன்னு தேடாதீங்க.

கேள்வி: வணக்கம் மேடம். வயசு 36, எடிசன்ல இருக்கோம். ரெண்டாவது குழந்தைக்கு 14 மாசம் ஆகுது. பொறந்த ரெண்டாம் மாசமே டிப்ரஷன் வந்து செர்ட்ரலின் எடுக்கறேன், அழுகை நின்னுடுச்சு, ஆனா அந்த விஷயத்துல சுத்தமா ஒண்ணுமே தோண மாட்டேங்குது. அவர் மேல கைய போட்டா கூட நாளைக்கு டேகேர் டப்பால என்ன வைக்கறதுன்னுதான் யோசிக்கறேன். எங்க தெரபிஸ்ட் கெட்டமைன் ட்ரை பண்ணலாமான்னு கேக்கறார். ஆபரேஷன் மயக்க மருந்துதானே அது? அது எப்படி ஆசைய வரவைக்கும்?

பதில்: டேகேர் டப்பா வரிய படிச்சு சிரிச்சிட்டேன்மா, மன்னிச்சுக்கோங்க, எனக்கும் அந்த டப்பா காலம் ஞாபகம் வந்துடுச்சு.

உங்க கடைசி கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். வரவைக்காது. கெட்டமைன் ஆசை மருந்து கிடையாது. நீங்க சொன்ன அதே மயக்க மருந்துதான், 1962ல பார்க் டேவிஸ்ங்கற அமெரிக்க மருந்து கம்பெனிக்காக கால்வின் ஸ்டீவன்ஸ்ங்கற கெமிஸ்ட் செஞ்சது, 1964ல மிச்சிகன்ல ஜாக்சன் ஜெயில் கைதிங்களுக்குத்தான் முதமுதல்ல போட்டு பார்த்தாங்க (இப்ப நினைச்சா வயித்த பிசையுது, அந்த காலத்துல அப்படித்தான் நடந்துச்சு). மூச்சு நல்லா இருக்கு, கண்ணு கூட திறந்திருக்கு, ஆனா ஆள் அங்க இல்ல. இத எட்வர்ட் டோமினோங்கற டாக்டர் வீட்டுக்கு போய் சம்சாரம்கிட்ட விவரிக்க, அந்தம்மாதான் "டிஸோசியேட்டிவ்"னு பேர் எடுத்து கொடுத்தாங்கன்னு அவரே பின்னாடி எழுதியிருக்கார். உடம்பு இங்க, மனசு எங்கயோ. 1970ல எஃப்டிஏ, அதான் அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு, அனுமதி கொடுத்து வியட்நாம் போர்ல அடிபட்டவங்களுக்கெல்லாம் போட்டாங்க.

மனசு பக்கம் வந்தது ரொம்ப லேட். 2000ல அமெரிக்கால யேல் யுனிவர்சிட்டில டிப்ரஷன் இருந்த ஏழே ஏழு பேர வச்சு ஒரு சின்ன ஆராய்ச்சி, உடம்பு எடை கிலோவுக்கு அரை மில்லிகிராம், 40 நிமிஷம் டிரிப்ல ஏத்தறது, அதாவது மயக்கத்துக்கு கொடுக்கறத விட ரொம்ப கம்மி. மத்த மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்கா ஆகறப்ப இது சில மணி நேரத்துலயே தெரிஞ்சுது, அதான் எல்லாரையும் நிமிர்ந்து உக்கார வச்சுது. 2019 மார்ச்ல இதோட சொந்தக்கார மருந்து எஸ்கெட்டமைன், ஸ்ப்ராவாட்டோங்கற பேர்ல மூக்குல அடிச்சுக்கற ஸ்ப்ரேயா வந்துச்சு, அப்ப மத்த மாத்திரைக்கு அடங்காத டிப்ரஷனுக்கு மட்டும். சாதா கெட்டமைனுக்கு இன்னைக்கு வரைக்கும் எந்த மனநோய்க்கும் எஃப்டிஏ அனுமதி இல்ல, டாக்டர் தன் பொறுப்புல கொடுக்கறார். செக்ஸ் பிரச்சனைக்குன்னா ரெண்டுக்குமே அனுமதி கிடையாது. விளம்பரத்துல பூவும் மெழுகுவத்தியும் போட்டு "நெருக்கம்"னு எழுதியிருந்தா இத ஞாபகம் வச்சுக்கோங்க.

அப்ப உங்க தெரபிஸ்ட் ஏன் சொல்றார்? அதுலயும் ஒரு கணக்கு இருக்கு. மூளைல நரம்பு செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கற க்ளூட்டமேட்ங்கற ரசாயனம் வந்து உக்கார்ற ஒரு இடத்த கெட்டமைன் கொஞ்ச நேரம் அடைக்குது, அதனால நரம்பு செல்களுக்கு நடுவுல புது இணைப்பு முளைக்குதுன்னு எலிங்கள வச்சு பார்த்திருக்காங்க. அந்த சில நாள் மனசு கொஞ்சம் இளகி இருக்கும், ஊற வச்ச பருப்பு மாதிரி, அப்ப பேச வேண்டியத பேசினா வேகும்ங்கறதுதான் கணக்கு. இது அமெரிக்கா க்ளினிக்குங்க கண்டுபிடிச்சதும் இல்ல, 1985லயே ரஷ்யால லெனின்கிராட்ல க்ருபிட்ஸ்கின்னு ஒரு டாக்டர் குடிநோயாளிகளுக்கு கெட்டமைன் கொடுத்து கூடவே தெரபியும் பண்ணியிருக்கார்.

என் க்ளையன்ட் ஒருத்தங்க. சிசேரியன் தழும்ப பார்த்து பார்த்து உடம்பையே வெறுத்துட்டாங்க, வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல, லைட்ட அணைச்சாத்தான் பக்கத்துலயே வர விடுவாங்க, அவர் பாவம் தன்னை பிடிக்கலன்னு நினைச்சுட்டிருந்தார். டிப்ரஷனுக்காக சைக்கியாட்ரிஸ்ட்கிட்ட கெட்டமைன் எடுத்தாங்க, மூணாவது செஷன் முடிஞ்ச மறுநாள் என் ரூம்ல உக்காந்து புடவை தலைப்ப விரல்ல சுத்திக்கிட்டே "என் வயிறு எனக்கே அசிங்கமா இருக்குங்க"ன்னு அவர் முகத்த பார்த்து சொன்னாங்க. அவர் அழுதுட்டார். அத கெட்டமைனா சொல்லுச்சு? தொண்டைல இருந்த அடைப்பு கொஞ்சம் விலகுச்சு, அவ்ளோதான். அதுக்கப்புறம் எட்டு வாரம் சாதாரண செக்ஸ் தெரபி வீட்டுப்பாடம், அதுல மருந்து ஒரு சொட்டு இல்ல.

செஷன் எப்படி இருக்கும்னா, முதல்ல ரெண்டு மூணு தடவை வெறும் பேச்சு, பிபி, பழைய நோய் எல்லாம் விசாரிப்பாங்க. மருந்து கொடுக்கற அன்னைக்கு சாய்வு நாற்காலி, கண்ணுக்கு துணி, கைல பிபி பட்டை, காதுல வார்த்தை இல்லாத மியூசிக். (இளையராஜா பாட்டு போடலாமான்னு ஒருத்தர் கேட்டார், வேண்டாம்னுட்டாங்க, மனசு பாட்டு வரி பின்னாடியே ஓடிடுமாம்.) ஊசியா, டிரிப்பா, நாக்கடில வைக்கற மாத்திரையாங்கறத பொறுத்து முக்கா மணிலேர்ந்து ரெண்டு மணி நேரம் ஆகும். மிதக்கற மாதிரி இருக்கும், சிலருக்கு குமட்டும், சிலருக்கு பயம்மா இருக்கும். அப்புறம் அதுல வந்தத வச்சு பேசற செஷன். அந்த பேச்ச விட்டுட்டு மருந்த மட்டும் கொடுக்கற இடத்துக்கு கெட்டமைன் தெரபின்னு பேர் வைக்கறதே தப்புங்கறது என் கட்சி.

ஆனா உங்களுக்கு நான் அங்கேர்ந்து ஆரம்பிக்க மாட்டேன். செர்ட்ரலினே ஆசைய குறைக்கும், உச்சத்த தள்ளிப்போடும், அந்த வகை மாத்திரை எல்லாத்துக்கும் இருக்கற குணம் அது, டோஸ் குறைக்கறதா வேற மாத்துறதான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, நீங்களா திடீர்னு நிறுத்தாதீங்க. இன்னும் பால் கொடுக்கறீங்களா? கொடுத்தா ஈஸ்ட்ரோஜன் கம்மியா இருக்கும், வறட்சி இருக்கும், வலிக்கும், வலிக்கற இடத்துக்கு யார் ஆசையா போவாங்க, அதோட பால் கொடுக்கறப்ப கெட்டமைனே வேண்டாம்பாங்க. தைராய்டும் ஒரு தடவை பார்த்துடுங்க.

இன்னொண்ணு. வான்கூவர்ல ரோஸ்மேரி பாசன்னு ஒரு டாக்டர் 2000 வாக்குல எழுதினது, எனக்கு ரொம்ப பிடிச்சது. ரொம்ப நாள் சேர்ந்து வாழ்ற பெண்கள் நிறைய பேருக்கு ஆசை முதல்ல வராது, நெருக்கம் ஆரம்பிச்சப்புறம்தான் வரும். பசியே இல்லன்னு சொல்லிட்டு படுத்திருப்போம், அடுக்களைல ரசம் தாளிக்கற வாசனை வந்ததும் தட்ட எடுத்துட்டு போய் நிப்போம் இல்ல, அது மாதிரி. பசிக்கலையேன்னு உங்கள நீங்களே திட்டிக்கறத இன்னைக்கே விட்டுடுங்க. ஆனா ரசம் தாளிக்க ஆள் வேணும், டேகேர் டப்பாவ வாரத்துல மூணு நாள் அவர் கட்டட்டும்.

கேள்வி: மேடம், நான் மதுரை, வயசு 31. கல்யாணமாகி 14 மாசம், இன்னும் எங்களுக்குள்ள முழுசா ஒண்ணும் நடக்கல. கிட்ட போனாலே அவ காலை இறுக்கிக்கிட்டு நடுங்கறா, ஒத்துழைக்கவே மாட்டேங்கறா. ரெண்டு வீட்லயும் "விசேஷம் உண்டா"ன்னு கேட்டு உயிர எடுக்கறாங்க. இந்த கெட்டமைன கொஞ்சமா கொடுத்தா அவ ரிலாக்ஸ் ஆவாளா? இங்க எங்க கிடைக்கும்?

பதில்: தம்பி, கோபப்படாம கேளுங்க. நீங்க கேக்கறது, மனைவிய மயக்கத்துல வச்சு உடலுறவு பண்ணலாமான்னு. உங்க மனசுல அப்படி இல்லன்னு தெரியுது, பயத்துல கேக்கறீங்க, ஆனா செஞ்சா அதுக்கு பேர் அதுதான். வேண்டவே வேண்டாம். அதோட கெட்டமைன் நம்ம நாட்ல ஷெட்யூல் எக்ஸ் மருந்து, போதைப்பொருள் சட்டத்துக்குள்ளயும் வருது, கடைல கேக்கற சமாசாரமே இல்ல.

உங்க மனைவி "ஒத்துழைக்கல"ங்கறத முதல்ல அழிச்சிடுங்க. கண்ணு கிட்ட விரலை கொண்டு போனா இமை தானா மூடுமா மூடாதா? நீங்க எவ்ளோ ஒத்துழைச்சாலும் மூடும். அவங்களுக்கு கீழ இருக்கற தசை அதே மாதிரி மூடிக்குது. வஜைனிஸ்மஸ்னு பேர். நம்ம ஊர்ல இது ஒண்ணும் அபூர்வம் இல்ல, யாரும் வாயத் திறக்கறதில்ல அவ்ளோதான், முதல் ராத்திரி வரைக்கும் அத பத்தி பேசினாலே தப்புன்னு வளர்த்துட்டு மறுநாள் காலைல மட்டும் எல்லாம் தெரிஞ்சிருக்கணும்னா எப்படி. நல்ல செய்தி என்னன்னா செக்ஸ் தெரபில நல்லா குணமாகற பிரச்சனைகள்ல இது ஒண்ணு.

முதல்ல ஒரு லேடி கைனகாலஜிஸ்ட். தோல்லயோ சவ்வுலயோ வேற கோளாறு இருக்கான்னு பார்க்கத்தான், அவசரமில்ல, முதல் நாள் பேசிட்டு மட்டும் வந்தா கூட போதும், தொடறதுக்கு முன்னாடி கேட்டு தொடற டாக்டரா பாருங்க. அதுக்கப்புறம் வீட்ல. அமெரிக்கால செயின்ட் லூயிஸ்ல மாஸ்டர்ஸும் ஜான்சனும்னு ரெண்டு செக்ஸ் ஆராய்ச்சியாளருங்க 1970ல வெளிய சொன்ன முறை, அவங்ககிட்ட வந்த தம்பதிங்களுக்கு போட்ட முதல் கண்டிஷன் என்ன தெரியுமா, உடலுறவுக்கு தடா. ஆமா, தடை. "இன்னைக்கும் நடக்கலையே"ங்கற பரீட்சைய எடுத்துட்டா பாதி பயம் அங்கயே போயிடும்.

ராத்திரி சாப்பிட்டு முடிச்சு, போன வேற ரூம்ல வச்சுட்டு, இருபது நிமிஷம். முதல் பத்து நிமிஷம் நீங்க அவங்க உள்ளங்கை, முழங்கை, முதுகு, பாதம்னு தொடணும், மார்பும் கீழயும் கிடையாது. அவங்க வேலை ரெண்டே வார்த்தைதான், "இது பிடிக்குது", "இது வேணாம்". வேணாம்னா அந்த செகண்ட்லயே கைய எடுத்துடணும், மூஞ்சிய தூக்கக் கூடாது. அடுத்த பத்து நிமிஷம் அவங்க முறை. முதல் வாரம் ரெண்டு பேருக்கும் சிரிப்புதான் வரும், வரட்டும். அவங்க வேணாம்னு சொன்னா நீங்க நிறுத்துவீங்கன்னு அவங்க உடம்பு நம்பணும், வாயால சொன்னா உடம்பு நம்பாது, இருபது முப்பது தடவை நடந்து பார்த்தாத்தான் நம்பும்.

பக்கத்துலயே இன்னொரு வேலை, அது அவங்க தனியா பண்றது. டைலேட்டர்னு சுண்டுவிரல் சைஸ்லேர்ந்து படிப்படியா பெருசாகற குழாய் செட், நிறைய ஜெல், கதவ தாழ் போட்டுக்கிட்டு அவங்க கையாலயே, அவங்க வேகத்துல. பெல்விக் ஃப்ளோர், அதாவது இடுப்புக்கு அடில இருக்கற தசை, பத்தி தெரிஞ்ச பிசியோதெரபிஸ்ட் கிடைச்சா அந்த தசைய எப்படி விடறதுன்னு சொல்லித் தருவாங்க. வாரக்கணக்குல ஆகும், சிலருக்கு மாசக்கணக்குல.

"விசேஷம் உண்டா" கூட்டத்துக்கு: "டாக்டர் ஒரு வருஷம் தள்ளிப்போட சொல்லியிருக்காங்க"ன்னு நீங்க சொல்லுங்க தம்பி. உங்க மனைவிய சொல்ல விடாதீங்க.

கேள்வி: அக்கா, கோயம்புத்தூர், காலேஜ் மூணாவது வருஷம். சின்ன வயசுலேர்ந்து கைப்பழக்கம், இப்ப நரம்புத் தளர்ச்சி வந்துடுச்சுன்னு பயமா இருக்கு, ராத்திரி தூக்கம் இல்ல. குதிரைக்கு போடற கெட்டமைன் எடுத்தா இந்த பயம் போகும்னு ஃப்ரெண்டு சொல்றான்.

பதில்: அந்த ஃப்ரெண்டுகிட்டேர்ந்து ரெண்டு நாள் தள்ளி இருப்பா. குதிரைக்கும் போடுவாங்க, மனுஷனுக்கும் போடுவாங்க, உனக்கு தேவையில்ல. கைப்பழக்கத்தால நரம்பு தளராது, விந்து போனா ரத்தம் போகாது, பஸ் ஸ்டாண்ட் சுவத்துல எழுதினவனும் ராத்திரி டிவில மாசத்துக்கு ஒரு தடவை லாட்ஜுக்கு வர்ற பரம்பரை வைத்தியரும் சேர்ந்து நமக்கு ஏத்தி விட்ட பயம் அது. 1960லயே டாக்டர் விக்ங்கற நம்ம நாட்டு சைக்கியாட்ரிஸ்ட் இந்த பயத்துக்கு தாத் சிண்ட்ரோம்னு பேர் வச்சுட்டார், நோய் விந்துல இல்ல, பயத்துல. தூக்கம் வரலன்னா காலேஜ் கவுன்சிலர பாரு, இல்ல 14416க்கு போன் பண்ணு, டெலிமானஸ், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். லாட்ஜுக்கு மட்டும் போகாத.

கேள்வி: வயசு 42, கலிஃபோர்னியால ஃப்ரீமான்ட். இத யார்கிட்டயும் சொன்னதில்ல. எட்டு வயசுல சொந்தக்காரர் ஒருத்தரால நடந்தது. என் கணவர் தங்கமானவர், ஆனா சில நேரம் அவர் தொட்டாலே நான் உறைஞ்சு போயிடறேன், மேலேர்ந்து நானே என்னை பார்க்கற மாதிரி இருக்கும். ஒரு க்ளினிக்ல கெட்டமைன் தெரபிக்கு பேர் கொடுத்தேன், அவங்க கொடுத்த ஃபார்ம்ல "ஆறுதலா தொடறதுக்கு சம்மதம்"னு ஒரு வரி இருக்கு. கையெழுத்து போடலாமா?

பதில்: யார்கிட்டயும் சொல்லாதத இங்க எழுதியிருக்கீங்க. உங்க மேல தப்பு துளி கூட இல்ல, இத நீங்க எத்தனை தடவை கேட்டாலும் அத்தனை தடவை சொல்வேன்.

அந்த வரிய அப்படியே விட்டு கையெழுத்து போடாதீங்க. எங்க, எப்ப, யார்னு எழுதச் சொல்லுங்க. "நான் கேட்டா மட்டும், கைய மட்டும் பிடிக்கலாம்" இப்படி ஒரு வரி. இல்ல தொடவே வேண்டாம்னாலும் சரி, அதுக்காக தெரபிய மறுக்கற இடம் உங்களுக்கான இடம் இல்ல. முக்கியமானது இது: மருந்து உள்ள இருக்கறப்ப நீங்க "வேண்டாம்"னு சொன்னா அது உடனே செல்லும், ஆனா மருந்து உள்ள இருக்கறப்ப "வேணும்"னு புதுசா ஒண்ணு சொன்னா அது செல்லாது. முன்னாடி தெளிவா இருக்கறப்ப ஒத்துக்கிட்டதுக்கு மேல ஒரு இஞ்ச் கூட அவங்க போகக் கூடாது. செக்ஸ் தெரபிஸ்ட்டுன்னா தொட்டு சொல்லித் தருவாங்கன்னு சிலர் நினைக்கறாங்க, கிடையவே கிடையாது, க்ளையன்ட்கிட்ட பாலியல் ரீதியா எந்த தொடுதலும் எங்க தொழில்ல தடை, கலிஃபோர்னியால கிரிமினல் குற்றமே.

பயமுறுத்த சொல்லல, ஆனா தெரிஞ்சுக்கணும். கெட்டமைன் இல்ல, எம்டிஎம்ஏன்னு வேற மருந்து, 2015ல வான்கூவர்ல நடந்த ஆராய்ச்சில தெரபிஸ்ட் ஜோடி ஒண்ணு நோயாளி பெண்ணோட படுக்கைல படுத்து கட்டிப் பிடிச்சதும் அழுத்திப் பிடிச்சதும் வீடியோலயே இருக்கு. அந்த பெண்ணும் பழைய காயத்துக்கு மருந்து தேடித்தான் அங்க போனாங்க. அதனால ரூம்ல ரெண்டாவது ஆள் இருப்பாங்களா, வீடியோ பதிவாகுமா, அந்த பதிவ நான் கேட்டா தருவீங்களான்னு கேளுங்க. கேள்விய கேட்டதும் அவங்க மூஞ்சி எப்படி மாறுதுன்னு பாருங்க, அதுலயே பாதி தெரிஞ்சிடும்.

அப்புறம் "மேலேர்ந்து என்னை நானே பார்க்கறேன்"னு எழுதினீங்களே, அது எட்டு வயசு குழந்தை தன்னை காப்பாத்திக்க கண்டுபிடிச்ச வழி. கெட்டமைன் தர்ற உணர்வும் கிட்டத்தட்ட அதேதான். சிலருக்கு அது பாதுகாப்பான தூரம், அங்கேர்ந்து பழசை பார்த்துட முடியுது. சிலருக்கு அதுவே அந்த ரூமுக்கு திரும்பி போன மாதிரி ஆகி பயங்கரமா பேனிக் வரும். நீங்க எந்த பக்கம்னு முன்கூட்டி சொல்ல முடியாது, அதனால நான் உங்க தெரபிஸ்டா இருந்தா முதல்ல மருந்தில்லாத ட்ராமா தெரபி, இஎம்டிஆர் (கண்ண இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசைச்சுக்கிட்டே பழைய காயத்த நினைச்சு ஆத்தற முறை) மாதிரி, அதுல கால் ஊன்றி நின்னப்புறம் தேவைப்பட்டா குறைஞ்ச டோஸ்ல ஆரம்பிப்போம்னு சொல்வேன். மருந்துல புதுசா ஏதாவது காட்சி வந்தா உடனே அத வச்சு யாருக்கும் போன் போடாதீங்க, மருந்துல பார்த்ததெல்லாம் நடந்ததுன்னு ஆகாது. அதே சமயம் நீங்க இத்தனை வருஷமா சுமக்கறது மருந்துல வந்தது இல்ல, அத யாரும் இல்லன்னு சொல்ல விடாதீங்க.

கணவர்கிட்ட முழுக்கதைய சொல்லணும்னு கட்டாயமில்ல. "உறைஞ்சா நான் உன் கைய ரெண்டு தடவை அழுத்துவேன், அப்ப நிறுத்திடு"ன்னு மட்டும் சொல்லிப் பாருங்க. ராத்திரி தாங்க முடியாம போச்சுன்னா 988க்கு போன் பண்ணுங்க, அமெரிக்கால மனசு உடைஞ்சு போறவங்களுக்கான உதவி எண் அது.

கேள்வி: ஐடில இருக்கேன், டல்லாஸ். ஆன்லைன்ல டாக்டர் பத்து நிமிஷம் வீடியோ கால் பேசிட்டு கெட்டமைன் லாசெஞ்ச் (வாய்ல கரைய விடற மாத்திரை) வீட்டுக்கே அனுப்பிட்டார். எனக்கு ஆங்ஸைட்டிக்கு கொடுத்தது. வீக்கெண்ட்ல நானும் வைஃபும் ஆளுக்கு பாதியா போட்டு ரொமான்டிக்கா ட்ரை பண்ணலாமான்னு யோசனை. சேஃப்தானே?

பதில்: இல்லைங்க. பாதி பாதி போடறதுக்கு அது கடலைமிட்டாய் இல்ல. உங்க பேர்ல எழுதின மருந்த அவங்களுக்கு கொடுக்கறது சட்டப்படியும் குற்றம், அவங்க பிபி என்ன, கர்ப்பமா இருக்காங்களா, குடும்பத்துல யாருக்காவது மனச்சிதைவு இருந்திருக்கா, அந்த டாக்டருக்கு எப்படி தெரியும்? ரெண்டு பேரும் மிதந்துட்டிருந்தா ஒருத்தருக்கு வாந்தி வந்து புரையேறினா யார் பார்க்கறது?

வீட்லயே எடுக்கற, தனியா கலந்து செய்யற கெட்டமைன் பத்தி 2023 அக்டோபர்ல எஃப்டிஏவே எச்சரிக்கை விட்டுச்சு. ஸ்ப்ராவாட்டோ ஸ்ப்ரே எடுத்தா கூட க்ளினிக்லயே ரெண்டு மணி நேரம் உக்கார வச்சு பிபி பார்த்துட்டுத்தான் வெளிய விடறாங்க. அதே அக்டோபர் 28ந்தேதிதான் நடிகர் மேத்யூ பெர்ரி லாஸ் ஏஞ்சலஸ் வீட்டு சுடுதண்ணி குளியல் தொட்டில இறந்து கிடந்தார். டிப்ரஷனுக்கு டாக்டர்கிட்ட கெட்டமைன் எடுத்தவர்தான், ஆனா ரத்தத்துல இருந்தது ஆபரேஷன் மயக்க அளவு, அது வெளிய கள்ளத்தனமா வாங்கினது. 2024 ஆகஸ்ட்ல ரெண்டு டாக்டர் உள்பட அஞ்சு பேர் மேல கேஸ் போட்டாங்க. ரெண்டு பேரா, தண்ணி கிட்ட, சரக்கோட, இதுல ஒண்ணு கூட இருக்கக் கூடாது.

அப்புறம் மூத்திரப்பை. அடிக்கடி எடுக்கறவங்களுக்கு அதோட உள்சுவரே புண்ணாகி சுருங்கிடும், அரை மணிக்கு ஒரு தடவை ஓடணும், ரத்தம் வரும், வலி. சிலருக்கு ஆபரேஷன் வரைக்கும் போயிருக்கு. ரொமான்ஸுக்குன்னு ஆரம்பிச்சு பாத்ரூம்ல குடியிருக்கற நிலைமை.

இதையெல்லாம் விட எனக்கு உறுத்தறது வேற. மிதக்கறப்ப சம்மதம்னு ஒண்ணு இருக்க முடியாது, கல்யாணம் ஆகி இருந்தாலும். நிதானத்துல இருக்கறப்ப அவங்ககிட்ட எத கேக்க கூச்சமா இருக்கு உங்களுக்கு? அத ஒரு பேப்பர்ல எழுதி வீக்கெண்ட்ல அத கொடுங்க, மாத்திரைக்கு பதிலா.

கேள்வி: மாம்பலம், வயசு 61. சுகர் 12 வருஷமா இருக்கு. ரெண்டு வருஷமா விறைப்பு சரியில்ல. அமெரிக்கால இருக்கற பையன் கெட்டமைன்னு ஏதோ சொன்னான், அவன்கிட்ட மேல கேக்க கூச்சம்.

பதில்: ஐயா, உங்களுக்கு அது சம்பந்தமே இல்ல. சுகர் ரத்தக் குழாயையும் நரம்பையும் அரிச்சிருக்கும், ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர் டெஸ்ட்) எவ்ளோன்னு பாருங்க, அப்படியே ஒரு ஹார்ட் டாக்டரையும். அங்க இருக்கற குழாய் இதயத்து குழாய விட மெல்லிசு, அதனால அடைப்பு அங்கதான் முதல்ல தெரியும், விறைப்பு குறையறது சில பேருக்கு ஹார்ட் அட்டாக்குக்கு முன்னாடி அடிக்கற மணி. வயாக்ரா வகை மாத்திரை டாக்டர் எழுதிக் கொடுத்தா எடுக்கலாம், ஆனா நெஞ்சு வலிக்கு நாக்கடில வைக்கற சார்பிட்ரேட் எடுக்கறவரா இருந்தா ரெண்டையும் சேர்க்கவே கூடாது, பிபி தரைக்கு போயிடும். பையன் நல்ல பையன்தான், அப்பாகிட்ட இத பேசியிருக்கானே.

கேள்வி: மேடம், சியாட்டில். என் மனைவிக்கு வர்ற வியாழக்கிழமை முதல் கெட்டமைன் செஷன். டிப்ரஷனுக்கு, எங்களுக்குள்ள மூணு வருஷமா இருக்கற விலகலையும் அதுல பேசப் போறாங்களாம். நான் வெளில கார்ல வெயிட் பண்ணணும். நான் என்ன செய்யணும்?

பதில்: நீங்க கேட்டதே சந்தோஷமா இருக்குப்பா, இந்த கேள்விய கேக்கற கணவருங்க ரொம்ப கம்மி.

அன்னைக்கு லீவு போட்டுடுங்க, கார்ல உக்காந்து மீட்டிங் அட்டெண்ட் பண்ணாதீங்க. குழந்தைங்க இருந்தா யார் வீட்லயாவது விட்டுடுங்க. செஷனுக்கு முன்னாடி வயித்துக்கு எதுவும் கொடுக்காதீங்க, எத்தனை மணி நேரம்னு க்ளினிக்ல சொல்லுவாங்க. வெளிய வர்றப்ப கொஞ்சம் தள்ளாடுவாங்க, கண்ணு கூசும், ஒரு கூலிங் க்ளாஸும், வாந்தி வந்தா பிடிக்க ஒரு ப்ளாஸ்டிக் கவரும் கைல இருக்கட்டும். "என்ன பார்த்த, என்னை பத்தி என்ன சொன்ன"ன்னு கேக்காதீங்க. அவங்களா சொன்னா கேளுங்க, சொல்றது பாதி புரியாது, புரியலன்னாலும் தலையாட்டுங்க. வீட்ல மோர்சாதமோ கஞ்சியோ, அப்புறம் தூக்கம். முக்கியமான முடிவு எதையும், வீடு விக்கறதோ அம்மாவுக்கு போன் பண்றதோ, அன்னைக்கு எடுக்க விடாதீங்க.

அவங்க ரொம்ப பாசமா வந்து ஒட்டிக்கலாம், மூணு வருஷத்துக்கப்புறம் அப்படி நடந்தா உங்களுக்கும் தோணும், தெரியும். அன்னைக்கு வேண்டாம். தோள்ல சாய்ஞ்சா சாய விடுங்க, போர்வைய இழுத்து விடுங்க. கார் சாவிய மறுநாள் அவங்க நல்லா தூங்கி எழுந்தப்புறம் கொடுத்தா போதும்.